உணர்வும் உறுப்பின் வேலையே: ஊடுபால் குழந்தைகளும் ஓர் அரசாணையும்

பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளான குழந்தை பால் குடிப்பதைக் குறைக்கிறது. குடித்ததையும் கக்குகிறது. எடை ஏறவில்லை. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கிறது. தொக்கம் என்பார் ஒருவர், கண்ணேறு என்பார் இன்னொருவர். மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறியிருக்கும். அட்ரீனல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற ஒரே ஒரு நொதி குறைந்ததால் கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் போதிய அளவு சுரக்காமல், உடல் தன் உப்பையெல்லாம் சிறுநீரில் இழந்துகொண்டிருக்கிறது. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்பது இந்த நோயின் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.ஏ.ஹெச். என்பார்கள்.

அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால், நோய் பிறந்த அன்றே ஒரு தடயம் காட்டியிருக்கும். வழி அடைபட்ட சுரப்பி ஆண் இயக்குநீர்களை அதிகமாகச் சுரந்ததால், கருவிலேயே கிளிட்டோரிஸ் பெரிதாக வளர்ந்திருக்கும். உதட்டு மடிப்புகள் ஒட்டியிருக்கும். “பொண்ணா, பையனா?” என்ற கேள்விக்குப் பிரசவ அறையில் சட்டென்று பதில் வராது. ஆண் குழந்தைக்கு இத்தகைய வெளித்தடயம் அநேகமாக இருப்பதில்லை. நோய் இன்னதென்று தெரியாமலே இறந்துபோகிறவர்களில் ஆண் குழந்தைகள் அதிகம் என்று கருதப்படுவதற்குக் காரணம் அதுதான். ஆக, பெண் குழந்தையின் உடலில் தெரியும் அந்த வேறுபாடு உயிர் காக்கும் எச்சரிக்கை. நாமோ அதைத் திருத்தியாக வேண்டிய கோணலாகப் பார்த்துப் பழகிவிட்டோம். உப்பைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் உருவத்தைக் கவனிக்கிறோம்.

உருவத்தைத் திருத்தக் கத்தி எடுக்கும்போது அறுபடக்கூடியது எது, அது யாருடையது, அறுக்கலாமா என்று யாரைக் கேட்க வேண்டும் என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். தொடுஉணர்வு என்பது உறுப்பின் மேல் பூசிய அலங்காரமல்ல. பார்ப்பது கண்ணின் வேலை என்பதுபோல் உணர்வது இந்த உறுப்பின் வேலை. மருத்துவம் இதை ஒப்புக்கொள்ள வெகுகாலம் எடுத்துக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு, அதை அரசாணையாக்கிய முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு.

எது அவசரம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளைச் சோதித்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. நாட்டளவில் சுமார் 5,760 குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் சி.ஏ.ஹெச். காணப்பட்டது. சென்னையில் மட்டும் அது சுமார் 2,040க்கு ஒன்று. ஐந்து நகரங்களில் அதுவே அதிகம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் இந்நோய் வெளிப்படும். தமிழ்நாட்டிலோ நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நெருங்கிய உறவுக்குள் நடக்கின்றன என்கிறது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று உறவு விட்டுப்போகாமல் முடிக்கும் வழக்கம் வலுவாக உள்ள நிலத்தில் இந்த நோயை எங்கோ அபூர்வமாக வருவது என்று ஒதுக்க முடியாது.

இந்த நிலத்தில் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். வேலூர் சாலையில் உள்ள வேங்கிக்கால், திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் ஊர். ஜவ்வாது மலையிலிருந்தும் செங்கம், கலசபாக்கம், போளூர்ப் பக்கத்திலிருந்தும் மனுவோடும் சான்றிதழ்த் தேவையோடும் மக்கள் வந்து இறங்கும் இடம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் படிவத்தில் பாலினக் கட்டம் இருக்கிறது. இந்நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு உப்பிழப்பு நெருக்கடி வருவதும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான். கட்டத்தை நிரப்புவது பற்றியும் ஊர் வாய் பற்றியும் குடும்பம் தவித்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மருந்து இருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் மாத்திரையும் அன்றாடம், வாழ்நாள் முழுவதும். கைக்குழந்தைக்குக் கூடவே கொஞ்சம் உப்பு. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரண்டு மூன்று மடங்காக உயர்த்த வேண்டும். வாந்தி நிற்கவில்லையென்றால் ஊசி. இதைத் தாய்க்குத் தெளிவாகச் சொல்லி, மாத்திரை தீராமல் பார்த்துக்கொண்டால் குழந்தை பள்ளிக்குப் போகும், வளரும், வேலைக்குப் போகும். இந்த நோயில் அவசரம் என்பது இவ்வளவுதான். கிளிட்டோரிஸ் பெரிதாக இருப்பதால் எந்தக் குழந்தையும் சாவதில்லை. அதனால் வலியில்லை, காய்ச்சலில்லை. சிறுநீர்ப் பாதையும் யோனியும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து அடைப்போ தொற்றோ வந்தால் அதற்கு அறுவை தேவைப்படலாம். மாதவிடாய் ரத்தம் வெளியேற வழியில்லையென்றால் அதைப் பூப்பு வயதில் சரிசெய்ய வேண்டிவரலாம். அவை வேறு கணக்கு. தோற்றத்துக்காகச் செய்வது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே படிவத்தில், ஒரே கையெழுத்தில் முடித்துவிடுவதில்தான் தவறு தொடங்குகிறது.

நரம்பு ஓடும் வழி

கிளிட்டோரிஸ் என்றதும் வெளியே தெரியும் சிறு முனையைத்தான் பலரும் நினைப்பார்கள். அது உறுப்பின் நுனி மட்டுமே. அதற்குப் பின்னால் வளைந்து செல்லும் உடல், இடுப்பெலும்பை ஒட்டிப் பிரியும் இரண்டு கால்கள், யோனி வாயின் இருபுறமும் அமைந்த இரண்டு குமிழ்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உறுப்பு. ஜெர்மானிய உடற்கூற்றியலர் கியோர்க் லுட்விக் கோபெல்ட் 1844இலேயே இதை நுணுக்கமாக வரைந்து காட்டினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பாடநூல்கள் பலவற்றில் இந்தப் படம் சுருங்கியது. சிலவற்றில் பெயரே இல்லாமல் போனது. ஆஸ்திரேலியச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல், மெல்பர்னில் பெண் உடல்களை அறுத்து ஆராய்ந்து 1998இல் கட்டுரை வெளியிட்ட பிறகுதான் முழு உறுப்பு மறுபடியும் மருத்துவத்தின் கண்ணுக்கு வந்தது.

முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கிளம்பும் புடெண்டல் நரம்பு, இடுப்பெலும்பின் உட்சுவரை ஒட்டி முன்னேறிக் கிளைகளாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை இந்த உறுப்பின் மேற்புறம் ஏறுகிறது. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமன். உடலில் இவ்வளவு சிறிய இடத்துக்கு இவ்வளவு தடித்த உணர்வு நரம்பு போவது அரிது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் பிளேர் பீட்டர்ஸ் குழுவினர், திருநம்பிகள் ஏழு பேர் தங்கள் அறுவையின்போது தந்த நரம்புத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்து இழை இழையாக எண்ணி, இருபுறமும் சேர்த்துச் சராசரியாக 10,281 இழைகள் என்று 2022இல் அறிவித்தார்கள். அதுவரை எல்லோரும் எழுதிவந்த எட்டாயிரம் என்ற எண், மாட்டில் நடந்த ஆய்வொன்றிலிருந்து வந்தது. பெண்ணின் உறுப்பில் எத்தனை நரம்பிழைகள் என்பதை மனித உடலில் எண்ணிப் பார்க்கவே 2022 வரை ஆனது.

அறுவை மேசையில் இதற்கு என்ன பொருள்? நுனியை எதிரில் வைத்துப் பார்த்தால், மேல் நடுவைக் கடிகாரத்தின் பன்னிரண்டு என்று கொள்ளலாம். அமெரிக்கக் குழந்தைச் சிறுநீரக அறுவை மருத்துவர் லாரன்ஸ் பாஸ்கின் குழுவினர் கருக்குழந்தைகளின் திசுக்களை அடுக்கடுக்காக வெட்டி ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, முதன்மை நரம்புகள் பதினொரு மணியிலும் ஒரு மணியிலும் ஓடுகின்றன. ஆனால் அவை அங்கேயே நின்றுவிடுவதில்லை. விசிறி விரிவதுபோல் கிளைவிட்டு உறுப்பின் பக்கவாட்டைச் சுற்றிக் கீழ்ப்புறம் நோக்கிப் பரவுகின்றன. ஆகவே மேற்புற முதன்மை நரம்பை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் அறுத்தாலும் இழைகள் போகும். நரம்பை அதன் உறையிலிருந்து உரித்துத் தூக்கினாலும் போகும். அறுக்காமலே கெடுக்கவும் முடியும். மின்சூட்டுக் கருவியால் ரத்தம் நிறுத்தும்போது வெப்பம் பரவினால், இழுத்துப் பிடித்தால், ரத்தக்குழாய் நசுங்கினால், பின்னால் வடு இறுகினால், நரம்பு மெல்லச் செயலிழக்கும்.

அறுபட்ட நரம்பு வளராதா என்று கேட்கலாம். வளரும். வெட்டுக்கு அப்பால் இருக்கும் இழை சிதைந்துபோவதை ஆகஸ்டஸ் வாலர் 1850இலேயே காட்டினார். வெட்டுக்கு இப்பால் இருப்பது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் துளிர்க்கிறது. ஆனால் போய்ச் சேர ஓர் இலக்கு வேண்டும். இலக்கான திசுவையே வெட்டி எறிந்துவிட்டால், வழி தெரியாத இழைகள் சுருண்டு முடிச்சாகின்றன. அந்த முடிச்சு தொட்டாலே வலிக்கும். இன்பம் போனதோடு நிற்காமல் அந்த இடத்தில் வலி குடியேறுவது இப்படித்தான்.

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று

இதே பகுதியில் ஓடும் நரம்புகள் ஆணுக்கு எப்படிக் கையாளப்பட்டன என்று பார்க்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட ஆண்களில் பெரும்பாலோர் விறைப்புத்தன்மையை இழந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பேட்ரிக் வால்ஷ், டச்சு மருத்துவர் பீட்டர் டாங்கருடன் சேர்ந்து அதற்குக் காரணமான நரம்புகளைத் தேடிக் கண்டறிந்து, 1982இல் அவற்றைக் காக்கும் அறுவையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவியது. புற்றுநோய் அறுவையிலும்கூட ஆணின் அந்தரங்க வாழ்க்கை கணக்கில் வந்துவிட்டது. கருப்பைவாய்ப் புற்றுக்கான பெரிய அறுவையில் நரம்பு காக்கும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கும் முன்பே, 1960களில் வகுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே அவர்கள் முதன்மையாகக் காக்க நினைத்தது சிறுநீர்ப்பையின் வேலையை. சிறுநீர் கழிப்பது வேலை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெண்ணின் தொடுஉணர்வு அந்தப் பட்டியலில் இடம்பெறக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காத்திருப்புக்கு முன்னால் நடந்தது இன்னும் கொடியது. லண்டனில் ஐசக் பேக்கர் பிரவுன் என்ற புகழ்பெற்ற மருத்துவர் 1860களில் வலிப்பு, மனக்கொதிப்பு என்று பல காரணம் சொல்லிப் பெண்களின் கிளிட்டோரிஸை அறுத்தெடுத்தார். 1867இல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கம் அவரை வெளியேற்றியது. ஆனால் ஊடுபால் குழந்தைகள் விஷயத்தில் அதே அறுவை இருபதாம் நூற்றாண்டில் மதிப்போடு தொடர்ந்தது. பிறக்கும்போதே உடற்கூறு ஆண், பெண் என்ற வழக்கமான இரண்டு அமைப்பில் அடங்காதவர்களைத்தான் ஊடுபால் என்கிறோம். 1950களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஜான் மணி, சிறுவயதிலேயே உறுப்பை ஒரு பாலுக்கு ஏற்பச் செதுக்கிவிட்டால் குழந்தையின் மனமும் அதற்கேற்ப அமைந்துவிடும் என்ற கருத்தைப் பரப்பினார். 1966இல் பாஸ்டனின் ராபர்ட் கிராஸ் குழுவினர் உறுப்பை முழுவதுமாக எடுப்பதையே பரிந்துரைத்தார்கள். எடுக்கப்பட்ட குழந்தைகள் வளர்ந்து பேசும் வயதுக்கு வந்திருக்கவில்லை. அவர்களைக் கேட்காமலே இழப்பு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டப்பட்டது.

பின்னர் நுட்பம் மாறியது. உறுப்பை எடுக்காமல் உள்ளே தள்ளித் தைக்கும் முறை வந்தது. 1983இல் ஸ்டான்லி கோகன் குழுவினர் உறையையும் அதன் மேல் ஓடும் நரம்பையும் விட்டுவிட்டு, உள்ளிருக்கும் திசுவை மட்டும் எடுக்கும் முறையை விவரித்தார்கள். 2007இல் ஜோவாவோ பிப்பி சாலே குழுவினர் எதையும் வெட்டி எறியாமல், உடற்பகுதியைப் பிரித்து உதட்டு மடிப்புக்குள் பாதுகாத்து வைக்கும் முறையை முன்வைத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பெண் விரும்பினால் மீட்டெடுக்கலாம் என்பது நோக்கம். உருப்பெருக்கிக் கண்ணாடி, வெப்பம் பரவாத இருமுனை மின்கருவி, நரம்பு நோக்கிச் செல்லாத கீழ்ப்புற வழி என்று கையாளுதலும் மென்மையாகியது. இந்த முன்னேற்றம் மெய். செய்தே ஆக வேண்டிய அறுவைகளில் இதைவிடக் குறைந்த எதையும் எந்தப் பெண்ணும் ஏற்கக் கூடாது.

பேசியவர்கள் சொன்னது

குழந்தைகள் வளர்ந்தார்கள், பேசினார்கள். செரில் சேஸ் என்ற பெயரில் எழுதிய அமெரிக்கப் பெண் 1993இல் ஊடுபாலினருக்கான அமைப்பைத் தொடங்கி, மருத்துவர்களின் முன்னால் தன் உடலையே சாட்சியாக வைத்தார். 2003இல் லண்டனைச் சேர்ந்த கேத்தரின் மின்டோ, சாரா கிரைட்டன் குழுவினரின் ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தது. பாலுறவு வாழ்க்கை உள்ள ஊடுபால் பெண்கள் 28 பேரில், கிளிட்டோரிஸில் அறுவை நடந்தவர்கள் 18, நடக்காதவர்கள் 10. அறுவை நடந்தவர்களில் 39 விழுக்காட்டினரால் உச்சத்தை அடையவே முடியவில்லை. நடக்காதவர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் “இழப்பு ஒன்றுமில்லை” என்ற நாற்பதாண்டு வாதத்துக்கு அதுவே பதில்.

புதிய முறைகளில் உணர்வு பிழைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நியூயார்க்கின் வைல் கார்னெல் குழு 2007இல் தன் நரம்பு காக்கும் முறையை வெளியிட்டபோது, அறுவைக்குப் பின் சிறுமிகள் சிலரைத் தொட்டும் அதிர்வுக் கருவி வைத்தும் “தெரிகிறதா?” என்று கேட்டுச் சோதித்ததையும் பதிவு செய்திருந்தது. 2010இல் ஆலிஸ் டிரெகர், எலன் ஃபெடர் என்ற அறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். அந்தச் சிறுமிகள் பட்டிருக்கக்கூடிய கூச்சத்தையும் அச்சத்தையும் நினைத்தால் அந்த எதிர்ப்பின் நியாயம் விளங்கும். அதற்குள் இன்னொரு உண்மையும் இருக்கிறது. உணர்வை அளக்கும் கருவி உலகில் ஒன்றே ஒன்றுதான். அந்த உடலுக்குரியவரின் வாய்ச்சொல். நரம்பு வழியாக மின்துடிப்பு போகிறது என்று இயந்திரம் காட்டலாம். அந்தத் தொடுகை அவளுக்கு என்னவாக இருக்கிறது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்கு அறுவை செய்துவிட்டு, பலன் என்ன என்று அறிய இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றால், அந்த இருபது ஆண்டு காத்திருப்பை அறுவைக்கு முன்னால் வைப்பதே நேர்மை.

மதுரையில் ஒரு தீர்ப்பு

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு வருகிறது. தூத்துக்குடியில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கோவிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவுத்துறை பதிவு செய்ய மறுத்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணப்பெண் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். அதோடு நிற்காமல், ஊடுபால் குழந்தைகளுக்கு நடக்கும் அறுவைகளையும் எடுத்துக்கொண்டார். மதுரையைச் சேர்ந்த ஊடுபால் செயற்பாட்டாளர் கோபி ஷங்கரின் பணியைக் குறிப்பிட்டு, பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கருத முடியாது என்று சொல்லி, இத்தகைய அறுவைகளைத் தடைசெய்ய அரசாணை பிறப்பிக்குமாறு தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டார். 2019 ஆகஸ்டில் மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணை வெளியிட்டது: உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, ஊடுபால் கைக்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் பால் மாற்று அறுவை கூடாது. எது உயிராபத்து என்பதை மருத்துவக் கல்வி இயக்குநர் அமைக்கும் குழு முடிவு செய்ய வேண்டும். குழந்தை அறுவை மருத்துவர், இயக்குநீரியல் மருத்துவர் ஆகியோருடன் சமூகப் பணியாளர், உளவியலர் அல்லது ஊடுபால் செயற்பாட்டாளர் ஒருவருக்கும் குழுவில் இடம் உண்டு. உலகில் முதலில் இத்தகைய தடையை 2015இல் சட்டமாக்கியது மால்டா என்ற சிறிய தீவு நாடு. இந்தியாவில் முதல் மாநிலம் தமிழ்நாடு.

எதிர்வாதங்களை அலட்சியம் செய்ய முடியாது. சிறுவயதில் திசு மென்மையாக இருக்கும், குழந்தைக்கு நினைவிருக்காது, பள்ளியில் கேலிக்கு ஆளாகாது, பெற்றோர் நிம்மதியாக வளர்ப்பார்கள் என்று சொல்லும் மருத்துவர்கள் குழந்தைகளின் நலனையே நினைக்கிறார்கள். சி.ஏ.ஹெச். பெண்களை ஊடுபால் என்று வகைப்படுத்துவதையே மறுக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் சிறுவயது அறுவை பெற்றோரின் மனவேதனையைக் குறைக்கிறது என்பதற்கு முறையான சான்று இல்லை என்று சிகாகோவில் கூடிய பன்னாட்டு மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையே சொல்லிவிட்டது. தோற்றத்தைவிடச் செயல்பாட்டுக்கே முதலிடம் தர வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. பெற்றோரின் வேதனை மெய்தான். அதற்கு மருந்து பேச்சும் துணையும் நேரமும். பெற்றோரின் துயரத்துக்கு மகளின் நரம்பில் சிகிச்சை செய்ய முடியாது.

வளர்ந்த பெண்களும் தப்பவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து ஓட்டவீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனையைக் காட்டிப் பறித்தது விளையாட்டுலகம். அதே சோதனைப் பண்பாடு எதுவரை போனது என்பதை 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரை காட்டியது. வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்குப் போட்டியில் தொடர்வதற்காகச் சுரப்பிகளை அகற்றியதோடு, கிளிட்டோரிஸின் ஒரு பகுதியையும் வெட்டியிருந்தார்கள். ஓட்டத்தின் வேகத்துக்கும் அந்த உறுப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அதே நரம்பு, வேறு கேள்வி

திருநங்கையருக்கான அறுவையை இதனருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். திருநங்கையர் மரபில் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையின் கையால் நடந்த, நிர்வாணம் என்ற உறுப்பகற்றும் சடங்கில் நரம்பு பற்றிய பேச்சே இருந்ததில்லை. இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவை கட்டணமின்றி நடக்கிறது. ஆண்குறி முனையின் ஒரு சிறு பகுதியை அதன் மேற்புற நரம்பும் ரத்தக்குழாயும் அறுபடாமல் அப்படியே இடம்மாற்றி, உணர்வுள்ள கிளிட்டோரிஸாக அமைப்பது நவீன முறை. ஊடுபால் குழந்தையிடம் அறுபடுவதும் திருநங்கையிடம் காக்கப்படுவதும் ஒரே நரம்பு. திருநங்கை தானே கேட்டு வந்தவர். கேள்வி கேட்கவும் மறுக்கவும் வயதுள்ளவர். மருத்துவரின் கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

சம்மதம் இல்லாமல் வெட்டப்படும் இன்னொரு கூட்டமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. இந்தியாவில் தாவூதி போரா சமூகத்திலும், இலங்கை முஸ்லிம்களில் ஒரு பகுதியினரிடமும் சிறுமிகளுக்கு இந்த வெட்டு நடக்கிறது. இலங்கைச் சுகாதார அமைச்சு 2018இல் மருத்துவத் துறையினர் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் இந்த வெட்டுக்கு எதிரான வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. பிரான்சில் பியேர் ஃபோல்டெஸ் என்ற மருத்துவர், வெட்டப்பட்ட பெண்களுக்கு வடுவை நீக்கி உள்ளே எஞ்சியிருக்கும் உறுப்பை வெளிக்கொணரும் அறுவையைச் செய்துவருகிறார். அவரிடம் வந்த ஏறக்குறைய மூவாயிரம் பெண்கள் பற்றிய ஆய்வு 2012இல் வெளியானது. ஓராண்டு கழித்துத் திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வலி குறைந்திருந்தது. பலருக்கு உணர்வு மேம்பட்டிருந்தது. கோபெல்ட் வரைந்ததும் ஓ’கானல் மீட்டதுமான அந்தப் படம் வெறும் பாடநூல் விஷயமல்ல என்பதற்கு இதுவே சான்று.

தையல் போட்ட இடம்

இதெல்லாம் ஏதோ சிலருடைய கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணுறுப்பில் மிக அதிகமாக நடக்கும் அறுவை பிரசவ அறையில் நடப்பது. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அது நம் பொதுச் சுகாதாரத்தின் பெரும் சாதனை. அங்கே “சுகப்பிரசவம், கீழே தையல் போட்டிருக்கு” என்பது எல்லோருக்கும் பழகிய வாக்கியம். குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் யோனி வாயிலிருந்து பக்கவாட்டில் சாய்வாக வைக்கும் அந்த வெட்டு தோல், தசை, புடெண்டல் நரம்பின் சிறு கிளைகள் வழியாகச் செல்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும்போதும், ஆயுதம் போட்டு எடுக்கும்போதும் அது தேவைப்படலாம். முதல் பிரசவம் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை.

வெட்டு வைப்பதும் தைப்பதும் ஏட்டில் ஏறுகின்றன. ஆறு வாரம் கழித்துத் தாய் வரும்போது குழந்தையின் எடை ஏறுகிறது, தடுப்பூசி ஏறுகிறது, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய கேள்வி ஏறுகிறது. தையல் போட்ட இடத்தில் மரத்திருக்கிறதா, உட்காரும்போது சுண்டுகிறதா, கணவனோடு சேரும்போது வலிக்கிறதா என்று கேட்க ஒரு வரி இடம் இருந்தால் எத்தனை பெண்கள் பேசுவார்கள்! “புள்ள பெத்தா அப்படித்தான்” என்று வீட்டில் அடக்கிவைத்ததை ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் தனியாக உட்கார வைத்துக் கேட்டால், அது நோய், மருத்துவம் பார்க்கலாம்.

வேங்கிக்காலிலிருந்து

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை, மலைமேல் தீபம் ஏறும் நேரத்தில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து காட்சி தருகிறார். அதைக் காண லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். தெய்வத்தின் திருவுருவமும் ஒரு குழந்தையின் உடல்நிலையும் ஒன்றல்ல. அதை நான் அறிவேன். ஆனால் ஆண் பெண் என்ற இரண்டும் ஓர் உடலில் கூடுவதைக் கைகூப்பிப் பார்க்கத் தெரிந்த மண்ணில், அப்படிப் பிறந்த ஒரு குழந்தையை ஊர் பார்ப்பதற்குள் திருத்திவிட வேண்டும் என்று பதறத் தேவையில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

ஆணை சென்னையில் பிறந்தது. அது உயிர்பெற வேண்டியது மாவட்டத்தில். ஜவ்வாது மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கு, பிறப்புறுப்பு வேறுபட்டுத் தோன்றும் குழந்தையை அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனும் மாவட்ட மருந்துக் கிடங்கில் தீராமல் இருக்க வேண்டும். 2019 ஆணை எளிய தமிழில் ஒவ்வொரு பிரசவ வார்டிலும் ஒட்டப்பட வேண்டும். தாயும் தந்தையும் அதைப் படித்து, “இப்போதே செய்துவிடலாம்” என்பவரிடம் அதைக் காட்ட முடிய வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் அது பொருந்தும் என்பதைச் சுகாதாரத் துறை உறுதி செய்ய வேண்டும். குழுவின் முன் வந்த வழக்குகள் எத்தனை, அனுமதி எத்தனை, மறுப்பு எத்தனை என்பதைப் பெயர் மறைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெண்ணுறுப்பில் எந்த அறுவை நடந்தாலும் நரம்பைக் காக்க என்ன செய்யப்பட்டது என்பதும், பின்னர் அந்தப் பெண் தன் உணர்வைப் பற்றி என்ன சொன்னாள் என்பதும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டின் திருநர் பாதுகாப்புச் சட்டம் ஊடுபால் உடல்வேறுபாட்டை வரையறுத்தது. குழந்தைகளின் அறுவையைத் தடுக்கவில்லை. நாடு முழுவதற்கும் பொருந்தும் தடை கேட்டு கோபி ஷங்கர் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024இல் ஒன்றிய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அந்த வழக்கின் முடிவு எதுவானாலும், தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு ஆணை ஏற்கெனவே கையில் இருக்கிறது. நரம்பு காக்கும் நுட்பத்தை நம் மருத்துவர்கள் கற்கட்டும். தேவைப்படும் பெண்ணுக்கு அது கட்டாயம் கிடைக்கட்டும். ஆனால் அந்த நுட்பத்தைக் காட்டி, பேசத் தெரியாத குழந்தையை மேசைக்குக் கொண்டுபோக யாருக்கும் உரிமையில்லை. அவள் உயிரைக் காக்க வேண்டியது நம் பொறுப்பு. அதற்கு மாத்திரை போதும். அவள் உடலின் வடிவத்தைத் தீர்மானிப்பது அவள் பொறுப்பு. அதற்கு அவள் வளர வேண்டும்.